பழியெல்லாம் மண்ணெண்ணெய்க்கு

1990 ஆனியில் அரச படைகளுக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பின்னாலேயே பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா, ரோர்ச் பற்றறி என்று வராத சாமான்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கூப்பனுக்கும் கள்ளச்சந்தைக்கும் நடுவில் ஏதோ ஒரு விதமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு எண்ணெயை நம்பித்தான் வீட்டுக்குள் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது, தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைபட்டது, காங்கேசன்துறை வீதியில் கார் ஓடியது. கார் ஒன்று கடந்து போனால் வெள்ளைப் புகையில் கண் எரியும். இப்போதும் எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வருவதில்லை. ஒஸ்ரின் ஏ40 காரின் பின்பக்கம்தான் ஞாபகம் வரும்.

கார் மெக்கானிக் குஞ்சையாவின் கராஜ் கொக்குவிலில், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கராஜ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கிடுகுக் கொட்டில், நடுவில் சீமெந்து பூசின குழி, வெளியே ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், அதன் கொப்பில் எஞ்சின் தூக்குகிற செயின் புளொக். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்க வேண்டிய பெடியன் கராஜில் கிடக்கிறான் என்று அம்மாவுக்கு ஓயாத கோபம். ஆனால் எனக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. கண்ணாடி பிடிப்பது.

கரண்ட் இல்லை, ரோர்ச்சுக்கு பற்றறி இல்லை. கொட்டிலுக்குள் பொனற்றைத் திறந்தால் மத்தியானத்திலும் இருட்டு. அதனால் நான் முற்றத்து வெயிலில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு நின்று, வெளிச்சத்தை உள்ளே எறிவேன். "இன்னும் கீழ. கீழயடா. ஆ, அதில பிடி, ஆட்டாத." சூரியன் நகர நகர வெளிச்ச வட்டமும் மெல்ல நழுவும். கை அதற்கு ஈடு கொடுத்துத் திரும்பிக்கொண்டேயிருக்க வேண்டும். குஞ்சையாவின் கண் எங்கே போகிறதோ அங்கே என் வெளிச்சமும் போனது. எஞ்சினுக்குள் எதற்குப் பிறகு எதைப் பார்ப்பது என்ற வரிசை எனக்கு அப்படித்தான் பாடமானது. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் காலத்தில் ஓடியவை அநேகமாக ஒஸ்ரின் ஏ40 டெவன், சோமசெற், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் வகைகள். கராஜுக்கு வருவதில் ஏ40தான் முக்கால்வாசி. 1947 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த கார்கள், 1200 சீசீ எஞ்சின். என் வயதைப்போல நாலு மடங்கு வயது அவற்றுக்கு. எண்பதுகளில் ஜப்பானிலிருந்து வந்த வடிவான கார்களெல்லாம் ரயர் கழற்றிக் கல்லில் ஏற்றப்பட்டுப் போர்வைக்குள் தூங்க, இந்தக் கிழங்கள் எழும்பி ஓடின. காரணம் ஒன்றும் அதிசயமில்லை. ஏ40 எஞ்சின் உள்ளே வந்த கலவையை ஏழில் ஒரு பங்களவுக்குத்தான் அமுக்கும். ஜப்பான் எஞ்சின்கள் ஒன்பதில் ஒரு பங்கு வரை அமுக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு. கூட அமுக்கினால் பிளக் பொறி மூட்டின நெருப்பு போய்ச் சேர முன்னமே மிச்சக் கலவை தன்பாட்டில் பற்றி, எஞ்சின் கடகடவென்று இடிக்கும். அடுத்தது, ஏ40இல் கலவை உள்ளே போகிற குழாயும் புகை வெளியே போகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர் நாட்டில் பெற்றோல் ஆவியாவதற்காக வைத்த ஏற்பாடு அது. நாற்பது வருசம் கழித்து, வெயில் கொளுத்துகிற ஊரில் மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு உதவும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள்.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டுவது யாழ்ப்பாணத்தான் தடைக்காலத்தில் கண்டுபிடித்த வித்தை என்று வெளிநாட்டுக் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழுக்கச் சரியில்லை. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டரில் ஒரு வகை இதே கணக்கில்தான் ஓடியது: பெற்றோலில் ஸ்ராட், சூடானதும் மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய். எங்கள் தோட்டக்காரர்களுக்கும் அது புதிதில்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கொஞ்சம் பெற்றோலில் இழுத்து ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவர்களுக்குக் காலமை வேலை. குஞ்சையா கார் வேலை பழகினது பெரிய பட்டறை ஒன்றில். ஆனால் மண்ணெண்ணெய் வேலை பழகினது இணுவிலில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு அண்ணையிடம். அதை அவர் ஒளித்ததில்லை. "எனக்குக் காபரேற்றர் தெரியும், அவருக்கு மண்ணெண்ணெய் தெரியும்" என்பார்.

ஒரு கார் மண்ணெண்ணெய்க்கு மாறுவதற்கு என்ன செய்வார்கள் என்றால், முதலில் ஹெட்டைக் கழற்றி ஒரு கஸ்கெற் இருந்த இடத்தில் இரண்டு வைப்பார்கள். அமுக்கம் இன்னும் கொஞ்சம் குறையும். டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பிப் பொறி விழுகிற நேரத்தைப் பிந்த வைப்பார்கள். செப்புக் குழாய் கிடைத்தால் எண்ணெய்க் குழாயைப் புகைக் குழாயோடு ஒட்டிச் சுற்றி எடுத்துச் சூடாக்குவார்கள். றேடியேற்றருக்கு முன்னால் மட்டை ஒன்று செருகி, எஞ்சின் குளிராமல் பார்ப்பார்கள். கடைசியாக, பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தல். ஆசுபத்திரியில் ஏற்றி முடிந்த போத்தல்தான், குழாயோடும் சொட்டு விடுகிற சின்னச் சில்லோடும். அதற்குள் பெற்றோல். பெற்றோல் அப்போது அரைப் போத்தல், கால் போத்தல் கணக்கில் விற்ற சாமான். வீட்டில் நகை வைக்கிற இடத்தில் அதை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்ராட் பண்ணுவதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சேலைன் சில்லைத் திறந்து காபரேற்றர் கிண்ணத்துக்குள் பெற்றோலை விட வேண்டும். ஹான்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்ததும் சூடு ஏறும்வரை பெற்றோலில் ஓட விட வேண்டும். கை வைக்க முடியாத அளவுக்குக் குழாய் சுட்டதும் பெற்றோலைப் பூட்டி மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டும். அந்த மாற்றத்தில் எஞ்சின் ஒருதரம் விக்கும், வெள்ளையாகக் கக்கும், பிறகு குரல் தடித்து ஒரு மாதிரி நிதானத்துக்கு வரும். போய்ச் சேர முன்னம் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் மிஞ்சாமல் பார்த்துத்தான் நிப்பாட்ட வேண்டும். அதைச் செய்யாமல் நிப்பாட்டியவன் அடுத்த நாள் காலமை ஊரைக் கூப்பிட்டுத் தள்ளுவான்.

ஹான்டிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் போகும். செல்ஃப் ஸ்ராட்டர் வேலை செய்கிற கார்களைக்கூட குஞ்சையா ஹான்டிலில்தான் ஸ்ராட் பண்ணுவார். நான் கேட்டதற்கு அவர் சொன்ன காரணம், பிறகு பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் சரியாகவே வந்தது. செத்த பற்றறியில் ஸ்ராட்டரை அமத்தினால் இருக்கிற கரண்ட் முழுவதையும் மோட்டர் குடித்துவிடும், கொயிலுக்கு மிச்சம் இராது, பொறி சோர்ந்து விழும். கையால் சுற்றினால் அதே செத்த பற்றறி கொயிலுக்கு மட்டும் வேலை செய்தால் போதும். புதுப் பற்றறியே கிடைக்காத காலத்தில் இது சின்ன விசயமில்லை.

இப்படி மாற்றின கார் ஒன்றும் சுகதேகியில்லை. எல்லாமே கொஞ்சம் இருமும், கொஞ்சம் இழுக்காது, ஸ்லோவில் விட்டால் நின்றுவிடும். ஹையர் ஓடுகிறவனுக்கு ஐட்லிங்தான் உயிர். ஆசுபத்திரி வாசலில், கல்யாண வீட்டு வாசலில் காரை நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் பண்ண பெற்றோல் வேண்டும். அதற்குப் பயந்து எஞ்சினை ஓட விட்டபடியே காத்திருப்பார்கள். ஓட விட்டால் குழாய் குளிர்ந்து, மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே உள்ளே போய், பிளக் கரி பிடித்து, கடைசியில் நின்றே விடும். கார்க்காரர் எல்லாருக்கும் ஒரே பதில் கையில் இருந்தது: "மண்ணெண்ணெயடா தம்பி, வேற என்ன?" குஞ்சையாவுக்கு அந்தப் பதிலில் நம்பிக்கையில்லை. "மண்ணெண்ணெயில ஓடுற எல்லாக் காரும் வருத்தக்காரன்தான். அதில எந்த வருத்தம் மண்ணெண்ணெயின்ர, எந்த வருத்தம் காரின்ர எண்டு பிரிக்கிறதுதான் வேலை. மிச்சமெல்லாம் நட்டும் போல்ட்டும்."

அவர் பிரிக்கிற முறை நாலு பிளக்கில் தொடங்கும். நாலையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று மாறாமல், பழைய ஈழநாதம் பேப்பரில் வரிசையாக வைப்பார். பெற்றோலில் ஓடுகிற நல்ல எஞ்சின் என்றால் பிளக் நுனி மண்ணிறமாக இருக்கும். மண்ணெண்ணெய்க் காரில் அந்த நிறத்தை ஒருநாளும் பார்க்க முடியாது, எல்லாம் கறுப்பு. அதனால் புத்தகத்தில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, ஒன்றை மற்றதோடுதான் ஒப்பிட வேண்டும். நாலும் ஒரே மாதிரிக் கறுப்பென்றால் அது எண்ணெயின் குற்றம் அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான குற்றம். மூன்று கறுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஈரமாகப் பளபளத்தால் அந்த சிலிண்டரில்தான் சங்கதி இருக்கிறது. ஈரத்தை விரலில் தொட்டு உரசிப் பார்ப்பார். உடனே காய்ந்து மணந்தால் எரியாத மண்ணெண்ணெய், பொறி இல்லை. வழுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் எண்ணெய், றிங் தேய்ந்துவிட்டது. என் வெளிச்ச வட்டம் பேப்பரில் ஒன்றிலிருந்து நாலுக்குப் போய் வரும்.

பிளக்கைத் திருப்பிப் பூட்டினதும் காரை ஸ்ராட் பண்ணி, காய்ந்த துணியால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிக் கழற்றிக் கொழுவுவார். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடும். கெட்டதைக் கழற்றினால் ஒன்றும் நடக்காது. அங்கேதான் நோய். அடுத்தது என் வேலை. கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்னுக்குப் போய் சைலன்சர் வாயில் பிடிக்க வேண்டும். தாள் ஒரே சீராக வெளியே பறந்தால் சரி. இடைக்கிடை உள்ளே இழுபட்டால் எக்ஸோஸ்ற் வால்வ் எரிந்திருக்கிறது. ஹான்டிலை மெல்லச் சுற்றினாலும் அது தெரியும். இரண்டு சுற்றுக்கு நாலு இடத்தில் கை தடைப்பட வேண்டும், மூன்று இடத்தில் முட்டி ஒரு இடத்தில் சளுக்கென்று போனால் அந்த சிலிண்டரில் அமுக்கம் இல்லை. என்னையும் சுற்றிப் பார்க்க விட்டார். அந்தத் தடைப்படுதல் கையில் தெரிகிற விதத்தை எந்தப் புத்தகத்திலும் எழுதி விளங்கவைக்க ஏலாது.

ஒருக்கால் பின்னேரம் ஒரு சோமசெற் வந்தது. பிளக் நல்லது, பொயின்ற் நல்லது, கொண்டென்சர் வேறு காரிலிருந்து கழற்றிப் போட்டது, அதுவும் நல்லது. ஆனால் காலமையில் ஸ்ராட் வர அரைவாசிப் பெற்றோல் போத்தல் காலி. "மண்ணெண்ணெய் குடிச்சுக் குடிச்சு எஞ்சின் போட்டுது" என்று கார்க்காரர் முடிவே கட்டிவிட்டார். குஞ்சையா இருட்டும்வரை ஒன்றும் செய்யாமல் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். இருட்டினதும் என் பென்சிலை வாங்கி நுனியைக் கூராகச் சீவினார். எஞ்சின் ஓட, பிளக் வயரை ஒரு விரற்கடை விலக்கிப் பிடித்து, வயருக்கும் பிளக்குக்கும் நடுவில் பென்சில் கூரை நீட்டினார். பொறி பாய்ந்தது. அந்த நீலத்தோடு சேர்ந்து கூரின் ஒரு பக்கத்தில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு சின்னத் தீ வால் தெரிந்தது. அது பிளக் பக்கம் விழ வேண்டும். இதில் வயர் பக்கம் விழுந்தது.

விசயம் என்னவென்றால், அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடியோடு எர்த். ஜப்பான் கார் பழக்கத்தில் யாரோ அதை நெகற்றிவ் எர்த்தாக மாற்றி, டைனமோவையும் அதற்கேற்றபடி திருத்திவிட்டு, கொயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றாமல் விட்டிருந்தார்கள். பொறி தலைகீழாகப் பாய்ந்தால் அதற்குக் கூடின வலு வேண்டும். சூடான எஞ்சினில் தெரியாது. குளிர்ந்த எஞ்சினில், செத்த பற்றறியோடு, மண்ணெண்ணெய் ஈரத்தில் அது தாராளமாகத் தெரியும். இரண்டு வயரை மாற்றிக் கொழுவினார், அவ்வளவுதான் வேலை. அந்தக் காருக்கு அதன் பிறகு மூடியளவு பெற்றோல் போதும் என்று ஆயிற்று. என் பென்சில் திரும்பி வந்தபோது கூரில் பாதி கருகியிருந்தது.

அவருடைய வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதல் நெருப்பு, பிறகு எண்ணெய், பிறகு காற்று, காபரேற்றர் திருகாணி கடைசி. மற்றக் கராஜ்களில் கார் ஸ்லோவில் நிற்கவில்லை என்றதும் திருகாணியைத்தான் முதலில் திருகுவார்கள். சத்தம் உடனே மாறும், கார்க்காரருக்குத் திருப்தி, காசும் கைமாறும். வேறு எங்கோ இருக்கிற பிழையைத் திருகாணியால் மூடினால் பிழை இரண்டாகிறது, பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது என்பது குஞ்சையாவின் வாதம். காற்று எங்காவது களவாக உள்ளே போகிறதா என்று பார்க்க, கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து மனிபோல்ட் பொருத்துகளில் தடவிக்கொண்டு போவார். எந்த இடத்தில் தடவ எஞ்சினின் குரல் மாறுகிறதோ அங்கே ஓட்டை. ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவுகிற இந்த வேலையின்போது மட்டும் என்னை மாமரத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிடுவார். ஸ்லோ ஜெற் அடைத்திருந்தால் வாயால் ஊதிப் பார்ப்பார், போகாவிட்டால் தங்கூசி நூல். கம்பி போட விடமாட்டார். பித்தளை ஓட்டை ஒரு மயிரளவு பெருத்தாலும் அந்தக் காபரேற்றர் பிறகு ஒருநாளும் சரிவராது, புதிது வாங்கக் கொழும்புக்குப் போக வேண்டும், கொழும்புக்குப் போகக் கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல் தாண்ட வேண்டும்.

கிளாலியைத் தாண்டி வந்த எண்ணெயிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. வள்ளத்தில் கான்களாக வந்ததில் உப்புத்தண்ணீர் கலந்திருக்கும். ஏ40இன் எண்ணெய்ப் பம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், அதற்கு நேரே வெளிச்சம் அடித்தால் அடியில் தண்ணீர் உருண்டு உருண்டு கிடப்பது முத்து மாதிரித் தெரியும். இந்த ஒரு இடத்தில் பழி மண்ணெண்ணெய்க்கே சேரும், சேர்ப்பதில் குஞ்சையாவுக்கு ஆட்சேபணையும் இல்லை.

அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், சோமசெற் வைத்திருந்தவர், ஒருநாள் வந்து, "இந்தக் கார் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறதேயில்லை, பாருங்கோ, டிப்ஸ்ரிக்கில மட்டம் கூடியல்லோ இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். குஞ்சையா டிப்ஸ்ரிக்கை எடுத்து மூக்கடியில் பிடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மண்ணெண்ணெய் மணம் குப்பென்று அடித்தது. ஸ்லோவில் மணிக்கணக்காக விட்டதில், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி ஒழுகி எஞ்சின் எண்ணெயோடு கலந்து மட்டத்தை உயர்த்தியிருந்தது. எண்ணெய் தண்ணீராய்ப் போனால் பெயரிங் போகும். "வாத்தியார், குறைஞ்சால்தான் நல்லது, கூடினால் உடன கொண்டு வாங்கோ" என்றார். வாத்தியாருக்கு அந்தக் கணக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் சென்றது.

ஆனால் எனக்கு மறக்காத வழக்கு அந்தக் கறுப்பு டெவனுடையது. ஹையர் கார், ஓட்டுகிறவர் இளந்தாரி, காலமையில் அழகாக ஸ்ராட் வரும். கொஞ்சத் தூரம் போனதும் இழுவை குறையும், இரண்டுதரம் விக்கும், நின்றுவிடும். ஐந்து பத்து நிமிசம் விட்டால் திரும்ப வரும், திரும்ப நிற்கும். மூன்று கராஜ் பார்த்தாயிற்று. ஒருவர் கொயில் சூடாகி விடுகிறது என்று கொயிலை மாற்றினார். ஒருவர் பம்பின் டயஃபிரத்தை மாற்றினார். ஒருவர் ஒன்றும் மாற்றாமல் மண்ணெண்ணெய் என்றார். ஒருவேளை மூன்றாமவருக்குத்தான் மற்ற இருவரையும்விடக் காசு குறைவாகக் கொடுத்திருப்பார்.

குஞ்சையா பொனற்றைத் திறக்கவேயில்லை. கேள்விதான் கேட்டார். "தாங்கி நிறைய எண்ணெய் இருக்கேக்கை கெதியா நிக்குதோ, குறைய இருக்கேக்கை கெதியா நிக்குதோ?" அந்த அண்ணைக்கு அப்படி யோசித்துப் பழக்கமில்லை. நிறைய இருக்கும்போதுதான் கெதியாக நிற்கிறது போல என்று இழுத்துச் சொன்னார். "அப்ப பின்னுக்கு வாங்கோ." எல்லாரும் பின்னுக்குப் போனோம். தாங்கியின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டிருந்தது. விலை கூடின மண்ணெண்ணெய் ஆவியாகிப் போகக்கூடாது, ஒருவரும் களவாக உறிஞ்சவும் கூடாது என்று, மரக்குற்றி ஒன்றைச் சீவி, பொலித்தீன் சுற்றி, அதற்கு மேல் சைக்கிள் ரியூப் ரப்பரை இறுக்கிக் கட்டி அடைத்திருந்தார். காற்றுப் புக ஒரு ஊசித் துவாரம் இல்லை. எஞ்சினை ஓட விட்டு ஒழுங்கையில் மேலும் கீழும் ஓட்டச் சொன்னார். கார் மூன்றாந்தரம் திரும்பும்போது விக்கியது. குஞ்சையா ஓடிப்போய் அந்தக் குற்றியைப் பிடுங்கினார். "உஸ்ஸ்" என்று தாங்கி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எஞ்சின் சாகாமல் பிழைத்துக்கொண்டது.

எண்ணெய் வெளியே போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. தாங்கி நிறைய இருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் கெதியில் இறுகிவிடும். நின்ற பிறகு எங்கோ ஒரு கசிவால் மெல்ல மெல்லக் காற்றுப் புகுந்து, பத்து நிமிசத்தில் சரியாகிவிடும். கொயில் சூடானாலும் இதே குணம்தான் காட்டும். இரண்டையும் பிரிக்கிற கேள்வி அந்த ஒன்று. குற்றியில் சூடாக்கின ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். அந்த அண்ணை மாற்றின கொயிலையும் டயஃபிரத்தையும் நினைத்து நெடுநேரம் பேசாமல் நின்றார்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனத்துக்கு மேல் சனம். சைக்கிள், லான்ட்மாஸ்ரர், மாட்டு வண்டில், நடுவில் கார்கள். எங்கள் ஆச்சியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியும் பெட்டி படுக்கையும் குஞ்சையாவின் ஏ40இல். மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை, நின்று நின்று அங்குலமாக நகர்ந்தது கூட்டம். நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் வராது என்ற பயத்தில் எல்லாக் கார்க்காரரும் எஞ்சினை ஸ்லோவில் விட்டபடியே ஊர்ந்தார்கள். பாலத்துக்கு வர முன்னமே பல கார்கள் கரி பிடித்துச் செத்து வெளிக்குள் இறக்கி விடப்பட்டன. குஞ்சையா நேர்மாறாகச் செய்தார். வெளி தொடங்கிற இடத்தில் பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணம் நிறைந்ததும் எஞ்சினை நிப்பாட்டிவிட்டு, "இறங்கித் தள்ளுங்கோ" என்றார். நான், அப்பா, மச்சான்மார் எல்லாரும் விடிய விடியத் தள்ளினோம். பாலம் தாண்டி வீதி கொஞ்சம் விட்டதும் ஹான்டில் போட்டார். பிடித்தது.

அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கொட்டில் இல்லை. மாமரம் நின்றது. கப்பலில் பெற்றோல் வரத் தொடங்கியதும் கார்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கார் இழுக்கவில்லை, எஞ்சின் கொதிக்கிறது, பெற்றோலைக் குடிக்கிறது, வாற பெற்றோல் கலப்படம் போல. குஞ்சையா ஹெட்டைக் கழற்றி இரண்டாவது கஸ்கெற்றை எடுத்து எறிந்து, டிஸ்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டார். பெற்றோல் சரியாகிவிட்டது. இந்தக் கார்களில் சில, பிறகு பல வருசம் யாழ்ப்பாணத்தில் ஹையர் ஓடின.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஸ்ராட் வரவில்லை, ஸ்லோவில் நிற்கவில்லை என்றால் எண்ணெயைத் திட்ட முன்னம் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். தாங்கி மூடியை ஒருதரம் திறந்து மூடிப் பாருங்கள். காபரேற்றர் திருகாணியைத் தொடத்தான் வேண்டுமென்றால், அது முதலில் எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைத்துவிட்டுத் தொடுங்கள்.